அமெரிக்கப் படைத்தளத்தில் குப்பை எரித்த புகை: ஊர் திரும்பிய என் அண்ணனுக்கு இழப்பீடு கேட்க வழியுண்டா?

கேள்வி: கோத்தகிரித் தங்கை

வணக்கம். என் அண்ணனுக்காக இதை எழுதுகிறேன். கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை நிலம் உண்டு. பசுந்தேயிலைக்குக் கிடைத்த விலை பறிகூலிக்கே போதாமல் இருந்த காலத்தில், 2007ஆம் ஆண்டு, குவைத்தில் சலவைக்கூட வேலை என்று சொல்லி ஒரு முகவர் அண்ணனை அனுப்பிவைத்தார். குவைத்தில் சில நாட்கள் ஒரு கொட்டகையில் தங்கவைத்துவிட்டு, அங்கிருந்து ஈராக்கில் இருந்த ஒரு பெரிய அமெரிக்க விமானத்தளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2009 வரை அங்கும், 2010 முதல் 2012 வரை ஆப்கானிஸ்தானில் வேறொரு தளத்திலும் அவர் வேலை செய்தார். சம்பளம் கொடுத்தது வளைகுடா நாட்டில் பதிவான ஒரு துணை ஒப்பந்த நிறுவனம். அதற்கு மேலே ஓர் அமெரிக்க நிறுவனம் இருந்தது என்பதை மட்டும் அண்ணன் அறிவார். நிறுவனங்களின் பெயரையும் தளத்தின் பெயரையும் பொதுவில் எழுத அவர் விரும்பவில்லை.

சலவைக்கூடத்தில் கொஞ்ச காலம் இருந்தபின் அவரைக் குப்பை லாரிக்கு மாற்றினார்கள். தளத்தின் ஓரத்தில் இருந்த பெரிய பள்ளத்தில் உணவுக்கூடக் கழிவு, தண்ணீர் பாட்டில்கள், பெயிண்ட் டப்பாக்கள், பேட்டரிகள், டயர்கள், மருத்துவமனைக் கழிவு என்று எல்லாவற்றையும் கொட்டி, விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்துவார்களாம். அங்கே எல்லோரும் அதைப் ‘பர்ன் பிட்’ என்றே சொல்வார்கள். அது இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். காற்று திரும்பினால் படுக்கும் அறைக்குள்ளும் கரும்புகை வரும். முகத்தைச் சுற்றிக்கொள்ளச் சொந்தத் துண்டுதான் இருந்தது.

ஊர் திரும்பியபின் சில ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதன்பின் மேடேறினால் மூச்சு வாங்கத் தொடங்கி, இப்போது தோட்டத்தின் மேல்பாத்திக்குப் போவதற்குள் இருமுறை நின்றுவிடுகிறார். வயது 47. புகைபிடிக்கும் பழக்கம் இல்லை. இங்கே முதலில் காசநோய் என்று சந்தேகித்துச் சளிப் பரிசோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள், சிறிதளவே பலன். எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். சென்ற மாதம் கோவையில் பார்த்த மருத்துவர் ஒருவர்தான் முதன்முறையாக, அந்தப் புகைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று வாய்மொழியாகச் சொன்னார்.

இந்த நோய் உண்மையிலேயே அந்தப் புகையால் வந்திருக்கக்கூடுமா, அதை இவ்வளவு காலம் கழித்து எப்படிக் கண்டறிவது என்பது என் முதல் கேள்வி. அமெரிக்கக் குடிமகனும் படைவீரருமல்லாத, துணை ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு இருந்த ஓர் இந்தியத் தொழிலாளி யாரிடமாவது எதையாவது கேட்க முடியுமா என்பது இரண்டாவது. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: வெலிங்டன் முன்னாள் படைவீரர்

அம்மா, வருத்தத்தோடு சொல்கிறேன், வீணாக நம்பிக்கை வளர்த்துக்கொள்ள வேண்டாம். 2022 ஆகஸ்டில் அமெரிக்கா கொண்டுவந்த பாக்ட் சட்டத்தைப் பற்றி யூடியூபில் பலர் பேசுகிறார்கள். எரிகுழிப் புகையோடு தொடர்புள்ளவை என்று இருபதுக்கும் மேற்பட்ட நோய்களை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளும் அந்தச் சட்டம் அந்நாட்டுப் படையினருக்கு மட்டுமே உரியது. புகைக்கு ஆட்பட்டவர்களைப் பதிவுசெய்ய 2014இல் அவர்கள் தொடங்கிய பதிவேட்டிலும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இடமில்லை.

நீதிமன்ற வழியும் அடைபட்டுவிட்டது. எரிகுழிகளை நடத்திய பெரிய ஒப்பந்த நிறுவனத்தின்மீது படையினரும் ஊழியர்களும் 2008 முதல் தொடுத்த வழக்குகளைச் சேர்த்து விசாரித்த நீதிமன்றம், குழி தோண்டுவதும் எரிப்பதும் இராணுவத்தின் முடிவு, அதில் நீதித்துறை தலையிட முடியாது என்று 2017இல் தள்ளுபடி செய்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்துவிட்டது. சொந்தப் படைவீரனுக்கே இந்த நிலை. நம் ஊரில் முன்னாள் படைவீரருக்கு உள்ள மருத்துவத் திட்டமும் உங்கள் அண்ணனுக்குப் பொருந்தாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதைக் கொண்டு சிகிச்சையைக் கவனியுங்கள்.


பதில்: குன்னூர் மருத்துவர்

நான் நுரையீரல் மருத்துவம் படித்தவன். சட்டத்தைப் பற்றி மேலே சொன்னவற்றை அறிந்தவர்கள் பேசட்டும். நோயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்; உங்கள் அண்ணனைப் பரிசோதிக்காமல் எழுதுவதால் இதை ஒரு வழிகாட்டலாக மட்டுமே கொள்ளுங்கள்.

அந்தப் புகையில் என்ன இருந்தது என்பது ஓரளவு பதிவாகியிருக்கிறது. ஈராக்கின் பலாத் தளத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்பில் இருந்த குழியில், 2008 வாக்கில் நாளொன்றுக்கு 147 டன் வரை கழிவு எரிக்கப்பட்டதாக அமெரிக்க அரசுத் தரப்பே குறிப்பிட்டிருக்கிறது. உலை போன்ற மூடிய அமைப்பில் மிகுந்த வெப்பத்தில் எரிந்தால் ஓரளவு முழுமையாக எரியும். திறந்த பள்ளத்தில், ஈரமான உணவுக் கழிவோடு நெகிழியைச் சேர்த்து எரித்தால் வெப்பம் போதாமல் புகைந்து, நுண்துகள், டயாக்சின், பென்சீன் போன்ற ஆவியாகும் கரிமங்கள், பேட்டரியிலிருந்தும் பெயிண்டிலிருந்தும் வரும் உலோகங்கள் யாவும் தரைமட்டத்திலேயே தங்கும். குப்பை லாரியில் குழியின் விளிம்புவரை போய்க் கொட்டியவர், தளத்தின் மறுகோடியில் அலுவலகத்தில் இருந்தவரைக் காட்டிலும் பன்மடங்கு சுவாசித்திருப்பார். ஆகவே அவருடைய வேலையின் தன்மையை மருத்துவக் குறிப்பில் தெளிவாக எழுதச் சொல்வது முக்கியம். ‘வெளிநாட்டில் வேலை’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் பயனில்லை.

இனி, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதைக் கொண்டு நோயில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஈராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பி, காரணம் தெரியாத மூச்சுத்திணறலோடு வந்த 80 அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றி 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 49 பேருக்கு அறுவை மூலம் நுரையீரல் திசு எடுத்துப் பார்த்ததில், 38 பேருக்குக் கன்ஸ்ட்ரிக்டிவ் பிராங்கியோலைட்டிஸ் இருந்தது. மிகச் சிறிய மூச்சுக்குழல்களின் சுவரில் தழும்பேறி உட்துளை குறுகிப்போகும் நோய் அது. பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே இயல்பாக இருந்தது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் இயல்பாகவோ அதற்கு மிக அருகிலோ இருந்தது. ஆனால் அவர்களால் முன்போல் ஓட முடியவில்லை.

இதையே உங்கள் அண்ணனின் நோய் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆய்வில் இருந்த பலர், 2003இல் மோசூல் அருகே மிஷ்ராக் கந்தகச் சுரங்கம் வாரக்கணக்கில் எரிந்தபோது கந்தக டை ஆக்சைடைச் சுவாசித்தவர்கள். 2007இல் போனவருக்கு அது பொருந்தாது. எரிகுழிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2011இல் அளித்த அறிக்கை, எரிபுகையால் நுரையீரலின் செயல்திறன் குறையக்கூடும் என்பதற்கு வரம்புக்குட்பட்ட சான்றே உண்டு என்றும், புற்றுநோய் உள்ளிட்ட மற்றவற்றுக்கு அப்போதிருந்த சான்று போதாது என்றும் கூறியது. பாலைவனத்துத் தூசியும் வண்டிப் புகையும் சேர்ந்தே கெடுத்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். சான்று போதாது என்பதற்கும் தீங்கில்லை என்பதற்கும் வேறுபாடு உண்டு. அன்று யார் எவ்வளவு சுவாசித்தார்கள் என்று யாரும் அளக்காததால்தான் இன்று சான்று போதவில்லை.

மலையில் இருப்பதையும் மறக்கக் கூடாது. கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரலுக்கு அது பொருட்டில்லை. ஏற்கெனவே பழுதான நுரையீரலுக்கு அதுவே சுமை. விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் அளவு இங்கே சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்பு என்பதால், ஓய்விலும், ஆறு நிமிடம் நடந்தபின்னும் என இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். நடந்தபின் விழும் அளவுதான் பேசும். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் அவருக்கு மூச்சு எளிதாகிறதா என்பதைக் கேட்டு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் விறகடுப்பு உண்டா, தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் எப்போதாவது வேலை பார்த்தாரா, தோட்டத்துக்கு மருந்தடிப்பவரா என்பவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இழப்பீட்டுக்காக இவற்றை மறைத்தால் பிறகு எதிர்த்தரப்பு கண்டுபிடித்து எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடும்.

கோவையில் பெரிய மருத்துவமனை எதிலும் செய்யக்கூடிய பரிசோதனைகள் இவை: மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி, நுரையீரலின் முழுக் கொள்ளளவு, வாயு ரத்தத்தில் கலக்கும் திறனை அளக்கும் டி.எல்.சி.ஓ., மூச்சை இழுத்தும் விட்டும் இருமுறை எடுக்கும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேன். மூச்சை விட்டபின் எடுக்கும் படத்தைப் பல இடங்களில் எடுப்பதே இல்லை. சிறு குழல்களில் காற்று சிக்கிக்கொள்வது அதில்தான் தெரியும் என்பதால் கேட்டு வாங்குங்கள். திசு எடுக்கும் அறுவையை இழப்பீட்டுக்கான சான்றாக மட்டும் செய்துகொள்ள வேண்டாம். சிகிச்சையை மாற்றும் என்று நுரையீரல் நிபுணர் கருதினால் மட்டும் செய்யலாம். ரத்தத்தில் நச்சு பார்க்கிறோம், உடலிலிருந்து நச்சை இறக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்குப் பணம் கட்டவே கட்டாதீர்கள். பென்சீன் போன்றவை நாட்கணக்கில் உடலை விட்டுப் போய்விடும். பத்தாண்டுக்கு மேல் கழித்து எடுக்கும் ரத்தம் அன்றைய புகையைப் பற்றி எதையும் நிறுவாது.


பதில்: கோவை வழக்குரைஞர்

வெலிங்டன் ஐயா சொன்ன வழக்கு விவரங்கள் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து அவர் வந்தடைந்த முடிவு தவறு. தள்ளுபடியானவை ஒப்பந்த நிறுவனத்தின் அலட்சியத்துக்காகத் தொடுத்த இழப்பீட்டு வழக்குகள். உங்கள் அண்ணனுக்குரியது வேறொரு சட்டம். 1941இல் இயற்றப்பட்ட டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்னும் அமெரிக்கச் சட்டம், அந்நாட்டுக்கு வெளியே உள்ள அதன் படைத்தளங்களில் ஒப்பந்தத்தின்கீழ் வேலை செய்பவர்களுக்கானது. துறைமுகத் தொழிலாளர்களுக்கான லாங்ஷோர் சட்டத்தின் விதிகளை அது அப்படியே கடன்வாங்கிக்கொள்கிறது. தொழிலாளி எந்த நாட்டவர் என்று அது பார்ப்பதில்லை; துணை ஒப்பந்தக்காரரின் துணை ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தவரும் அதில் அடங்குவார். நிறுவனத்தின் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய தேவையும் அதில் இல்லை. 2004இல் ஈராக்கில் கடத்திக் கொல்லப்பட்ட 12 நேபாளத் தொழிலாளர்களின் குடும்பங்கள் இந்தச் சட்டத்தின்கீழ்தான் இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றன. எரிகுழிப் புகையால் நுரையீரல் கெட்டது என்று ஓர் ஒப்பந்த ஊழியர் தொடுத்த கோரிக்கையை 2018இல் ஒரு நிர்வாகச் சட்ட நீதிபதி ஏற்றிருக்கிறார்.

இந்தச் சட்டத்தை நிர்வகிப்பது அமெரிக்கத் தொழிலாளர் துறை. இராணுவத்துக்கும் தூதரகத்துக்கும் எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை. காயத்தைப் பற்றிய அறிவிப்புக்கு எல்எஸ்-201, இழப்பீட்டுக் கோரிக்கைக்கு எல்எஸ்-203 என்னும் படிவங்கள் அத்துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கோரிக்கையை, வேலை கொடுத்த ஒப்பந்த நிறுவனத்துக்குக் காப்பீடு அளித்த நிறுவனம் மறுத்தால் முதலில் துறை அலுவலர்முன் சமரசப் பேச்சும், அதிலும் தீராவிட்டால் நிர்வாகச் சட்ட நீதிபதிமுன் விசாரணையும் நடக்கும். இவற்றில் சாட்சியத்தைத் தொலைபேசி, காணொளி வழியாகப் பதிவுசெய்வது வழக்கத்தில் உள்ளதுதான்.

காலக்கெடுவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான கோரிக்கைகள் இங்கேதான் சாகின்றன. விபத்துக் காயம் என்றால் கோரிக்கைக்கு ஓராண்டு. உடனே வெளிப்படாத தொழில்நோய்க்கு விதி வேறு: வேலைக்கும் நோய்க்கும் அதனால் வந்த இயலாமைக்கும் உள்ள தொடர்பைத் தொழிலாளி அறிந்த நாளிலிருந்து, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, இரண்டாண்டுக்குள் கோரிக்கையும் ஓராண்டுக்குள் நிறுவனத்துக்கு அறிவிப்பும் தர வேண்டும். கோவை மருத்துவர் வாய்மொழியாகச் சொன்ன சென்ற மாதத்திலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு செயல்படுங்கள். அவர் சொன்னதைத் தேதியிட்டு எழுத்தில் பெறுங்கள். அண்ணன் அதற்கு முன்பே ‘அந்தப் புகைதான் காரணம்’ என்று யாருக்காவது வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டக்கூடும். எனவே நாட்களைப் பற்றி வழக்குரைஞரிடம் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: சம்பள இழப்புக்குரிய காலக்கெடு தவறினாலும், நோய்க்கான மருத்துவச் செலவைக் கேட்கும் உரிமை அதோடு அழிந்துவிடுவதில்லை.

நிரூபணத்தில் தொழிலாளிக்குச் சாதகமான ஒரு விதி உண்டு. உடலுக்கு ஒரு தீங்கு நேர்ந்திருக்கிறது, அதை உண்டாக்கக்கூடிய சூழல் வேலையிடத்தில் இருந்தது என்னும் இரண்டையும் காட்டிவிட்டால், வேலையால்தான் வந்தது என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். அதைப் போதிய சான்றோடு மறுப்பது காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டாவது அம்சத்துக்கு அமெரிக்க அரசின் ஆவணங்களே உதவும். 2010 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானில் 251 எரிகுழிகளும் ஈராக்கில் 22 எரிகுழிகளும் இயங்கின என்று அவர்களுடைய தணிக்கை அமைப்பின் அறிக்கையே கூறுகிறது. மருத்துவர் மேலே சொன்ன அறிவியல் ஐயங்கள் எதிர்த்தரப்பின் கருவியாகும் என்பது உண்மைதான். ஆனால் தொடக்கத்திலேயே அறிவியல் முழுமையாகத் தீர்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

பணத்தைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். முழு இயலாமைக்குச் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கணக்குக்காக மாதம் 600 டாலர் என்று கொண்டால், வாரத்துக்கு ஏறத்தாழ 138 டாலர். அதில் மூன்றில் இரண்டு பங்கு 92 டாலர். பகுதி இயலாமை என்றால் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட குறைவை வைத்தே கணக்கு. அன்றைய சம்பளமா, பின்னால் ஊரில் சம்பாதித்ததா என்பதிலேயே வாதம் எழும். அடிமாட்டுக் கூலி கொடுத்து வாங்கிய உழைப்புக்கு இழப்பீடும் அந்தக் கூலியின் அளவிலேயே வருகிறது. இதைவிடக் கொடுமை, அமெரிக்காவில் வசிக்காத அயல்நாட்டவருக்கு இனி வரவேண்டிய தவணைகளை எல்லாம் ஒரே தொகையாக்கி, அதில் பாதியை மட்டும் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளக் காப்பீட்டு நிறுவனம் கோரலாம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கத் தொழிலாளிக்கு முழுதும், கோத்தகிரித் தொழிலாளிக்குப் பாதியும் என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.


கோத்தகிரித் தங்கை

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் கேட்டேன். வீட்டில் எரிவாயு வந்தபின் விறகடுப்பு வெந்நீருக்கு மட்டுந்தான். மருந்தடிக்க ஆள் வைத்துக்கொள்கிறோம். மேட்டுப்பாளையம் போனால் மூச்சு சற்று எளிதாக இருக்கிறது என்றே சொன்னார்.

இப்போது எங்களுக்குப் பெரிய கவலை ஆவணங்கள். அவருடைய பழைய பாஸ்போர்ட்டில் குவைத் விசா மட்டுமே இருக்கிறது. ஈராக்கின் முத்திரை எதுவும் இல்லை. இந்தப் பாஸ்போர்ட் ஈராக் பயணத்துக்குச் செல்லாது என்ற முத்திரைதான் இருக்கிறது. இராணுவ விமானத்தில் கொண்டுபோனதால் யாரும் முத்திரை குத்தவில்லை என்கிறார். வேலை ஒப்பந்தத்தின் நகலும் அவரிடம் இல்லை. தடை இருந்தும் போனார் என்று இங்கே ஏதாவது சிக்கல் வருமா என்றும் பயப்படுகிறார்.


பதில்: பந்தலூர்க்காரன்

அக்கா, நானும் அதே குவைத் வழியாகப் போனவன்தான், சமையற்கூடத்தில் இருந்தேன். எங்கள் பகுதியில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களிலிருந்தும் கேரள எல்லை ஊர்களிலிருந்தும் பலர் போனார்கள். 2004இல் இந்தியர்கள் அங்கே கடத்தப்பட்டபின் நம் அரசு ஈராக்குக்குப் போவதைத் தடை செய்து, பாஸ்போர்ட்டில் அந்த முத்திரையைக் குத்தியது. 2010இல்தான் தடை நீங்கியது. ஆகவே அந்த ஆறு ஆண்டுகளில் போன பெரும்பாலோரிடம் ஈராக் முத்திரை இருக்காது. உங்கள் அண்ணன் ஒருவருக்கு மட்டும் உள்ள குறை அன்று.

தளத்துக்குள் நடமாடக் கழுத்தில் மாட்டிய அடையாள அட்டை தளத்தை விட்டு வரும்போது திரும்ப வாங்கப்பட்டிருக்கும். ஆனால் அதை அணிந்து எடுத்த படம் எங்காவது கிடக்கும். பழைய டிஜிட்டல் கேமராவின் நினைவட்டையை வைத்திருந்தால் படக்கோப்பில் நாளும் பதிவாகியிருக்கும், எனவே படத்தை மட்டும் அச்செடுத்துவிட்டுக் கோப்பை அழித்துவிடாதீர்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள், வங்கிப் புத்தகத்தில் அந்த ஆண்டுகளின் வரவு, தளத்தில் கொடுத்த பயிற்சிச் சான்றிதழ்கள், பாராட்டுத்தாள்கள், தடுப்பூசி அட்டை, தளத்தின் சிகிச்சை நிலையத்தில் கொடுத்த சீட்டு, ஊருக்கு எழுதிய கடிதம் எல்லாம் உதவும். ஆப்கானிஸ்தானுக்குப் போனபோது ஆங்கிலத்தில் ஓர் அனுமதிக் கடிதம் கொடுத்திருப்பார்கள். அதில் மேலிருக்கும் அமெரிக்க நிறுவனத்தின் பெயரும் ஒப்பந்த எண்ணும் இருக்கும். அந்த ஒரு தாள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

எல்லாவற்றையும்விடக் கூட இருந்தவர்களின் வாக்குமூலம் முக்கியம். அதே லாரியில் போனவர், அதே அறையில் படுத்தவர் யாரென்று அண்ணனை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். நேபாளிகள், மலையாளிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள் பலர் இன்னும் முகநூலில் தொடர்பில் இருக்கிறார்கள். எங்களுடன் இருந்தவர்களில் இருமல் இல்லாமல் திரும்பியவர்கள் குறைவு. அதை நாங்கள் அங்கே நோயாகவே நினைக்கவில்லை.

வழக்குரைஞர் ஐயாவிடம் எனக்கும் ஒரு கேள்வி. எங்கள் ஊரில் குப்பைக்குழியில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் நுரையீரல் நோயால் சென்ற ஆண்டு இறந்துவிட்டார். மனைவியும் பள்ளிக்குப் போகும் இரு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் ஏதாவது கேட்க முடியுமா? கேரளத்திலிருந்து ஒருவர் வந்து, ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தால் அமெரிக்காவில் பேசிப் பெரிய தொகை வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.


பதில்: கோவை வழக்குரைஞர்

முன்பணம் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். இந்தச் சட்டத்தில் கோரிக்கையாளரின் வழக்குரைஞருக்குரிய கட்டணத்தைக் கோரிக்கையைக் கையாளும் துறை அலுவலரோ நீதிபதியோ பார்த்து அனுமதிக்க வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டுப் பின் வென்றால் பெரும்பாலும் அதைக் காப்பீட்டு நிறுவனமே கட்டும். அனுமதி இல்லாமல் கோரிக்கையாளரிடம் கட்டணம் வாங்குவது அமெரிக்காவில் தண்டனைக்குரிய குற்றம். இந்த ஒரு விவரத்தை அந்த மனிதரிடம் கேட்டுப் பாருங்கள், அதன்பின் அவர் வரமாட்டார். ஆங்கிலத்தில் படிவம் நிரப்பவும் வாக்குமூலம் தயாரிக்கவும் உள்ளூரில் உதவி வேண்டுமென்றால், உதகையிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமானத்தைப் பார்க்காமல் இலவச உதவி உண்டு. அமெரிக்க நடைமுறையைக் கையாள அந்நாட்டில் இந்தத் துறையிலேயே வேலை செய்யும் வழக்குரைஞர் வேண்டும். அவர்களில் பலர் வென்றால் மட்டுமே கட்டணம் என்ற முறையிலேயே எடுக்கிறார்கள்.

தங்கை கேட்ட பயத்தைப் பற்றி: முத்திரையை மீறிப் போனது முகவரும் நிறுவனமும் செய்த ஏற்பாடு. டிஃபென்ஸ் பேஸ் ஆக்டின்கீழ் இழப்பீடு பெறும் உரிமை, அவர் தளத்தில் வேலை செய்தாரா என்பதைச் சார்ந்தது, இந்தியப் பாஸ்போர்ட்டில் என்ன முத்திரை இருந்தது என்பதைச் சார்ந்ததன்று. கோரிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். துணை ஒப்பந்த நிறுவனம் மூடிப்போயிருந்தாலும் அதற்குக் காப்பீடு அளித்த நிறுவனம் பொறுப்பு; அது காப்பீடு எடுக்காமலே இருந்திருந்தால், மேலிருந்த ஒப்பந்தக்காரர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பந்தலூர் நண்பர் சொன்ன அனுமதிக் கடிதத்தைத் தேடச் சொல்வது அதனால்தான். அது கிடைக்காவிட்டாலும் கோரிக்கையைத் தள்ளிப்போட வேண்டாம். தெரிந்த விவரங்களோடு எல்எஸ்-203ஐ முதலில் பதிவுசெய்துவிட்டுப் பிறகு ஆவணங்களைச் சேர்க்கலாம்.

பந்தலூர் நண்பருக்கு: வேலையால் வந்த நோயே மரணத்துக்குக் காரணம் என்றால் மனைவியும் பிள்ளைகளும் கேட்கலாம். அயல்நாட்டில் வாழும் குடும்பமானால் மனைவி, பிள்ளைகளுக்கே முதல் உரிமை. அவர்கள் இல்லாதபோது மட்டுமே, இறந்தவரின் ஆதரவில் இருந்த தாய் அல்லது தந்தைக்கு. உடன்பிறந்தவர்களுக்கு இல்லை. மனைவிக்கு மட்டும் என்றால் சம்பளத்தில் பாதி, பிள்ளைகளும் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வரை. பொதுவாக இறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை தர வேண்டும். தொழில்நோய் என்றால் தொடர்பை அவர் மனைவி அறிந்த நாளிலிருந்து இரண்டாண்டு. சென்ற ஆண்டு என்கிறீர்கள், எந்த மாதம் என்று எழுதவில்லை. ஓராண்டு இன்னும் முடியவில்லை என்றால், இரண்டாண்டு விதியை நம்பிக் காத்திருக்காமல் அதற்குள்ளேயே படிவத்தை அனுப்பச் சொல்லுங்கள். மரணச் சான்றிதழோடு, இறப்புக்கான காரணத்தை மருத்துவமனை குறித்த தாளையும், கடைசி ஆண்டுகளின் ஸ்கேன் படங்களையும் மருத்துவமனையிலிருந்து இப்போதே கேட்டு வாங்கிவைக்க வேண்டும். ஆண்டுகள் போனால் மருத்துவமனைகள் பழைய பதிவுகளை வைத்திருப்பதில்லை.